எக்ஸ் கதிரைத் தடுப்பது ஓசோன் இல்லை

3 மே 2025, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

"ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்தால் காமா கதிர், எக்ஸ் கதிர் எல்லாம் நேரே தரைக்கு வந்துவிடும் என்று ஒரு காணொலியில் சொல்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். எக்ஸ் கதிர் நம் உடம்பையே துளைத்துப் போகிறது. கண்ணுக்குக்கூடத் தெரியாத காற்று அதை எப்படித் தடுக்கும்?"

3 மே 2025, இரவு

காணொலி சொல்வது தவறு. ஓசோன் இன்றைக்கே முழுக்க மறைந்துபோனாலும் விண்வெளியின் எக்ஸ் கதிர் தரையைத் தொடாது. அதைத் தடுப்பது மொத்தக் காற்று.

காற்று லேசானது என்ற நினைப்புதான் குழப்பத்துக்குக் காரணம். தரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் மேலே வளிமண்டலத்தின் உச்சி வரை நிற்கும் காற்றின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். அதே எடைக்குத் தண்ணீரை நிறுத்தினால் பத்து மீட்டர் உயரம் வரும். மருத்துவமனையில் மார்பைப் படம் எடுக்கும்போது கதிர் கடக்கும் தூரம் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர். அதிலும் பெரும்பகுதி நுரையீரலுக்குள் இருக்கும் காற்று. 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உள்ள எக்ஸ் கதிர் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் தண்ணீரைக் கடப்பதற்குள் பாதியாகிவிடும். உடம்பைக் கடக்கையில் சில தடவை பாதியாகிறது, மிச்சம் இருப்பது படம் எடுக்கப் போதும். வளிமண்டலத்தைக் கடக்க வேண்டுமானால் 270 தடவைக்கு மேல் பாதியாக வேண்டும். கால்குலேட்டரில் 1-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போய்ப் பாருங்கள், எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்.

3 மே 2025, இரவு, படுக்கப் போகுமுன்

மேலே ஒன்று விட்டுப்போனது. எக்ஸ் கதிர் அணுவின் எலக்ட்ரான்களோடு மோதுகிறது. அந்த அணு நைட்ரஜன் மூலக்கூறில் இருக்கிறதா, ஓசோனில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வழியில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதே கணக்கு. ஓசோனின் பங்கு அதில் மிக மிகச் சொற்பம். நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரை மட்டத்து அழுத்தத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் தடிமன். நம் வெப்பமண்டலத்தில் அதைவிடவும் கொஞ்சம் குறைவு. மற்ற காற்றை அதேபோல் பரப்பினால் எட்டு கிலோமீட்டர்.

4 மே 2025

அப்படியானால் ஓசோனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, ஏனென்றால் அந்த மூன்று மில்லிமீட்டர் செய்யும் வேலையை மிச்சமுள்ள எட்டு கிலோமீட்டரும் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

புற ஊதாவில் ஆளுக்கொரு பகுதி. 100 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளங்களை நைட்ரஜனும் ஆக்சிஜனும் மிக உயரத்திலேயே விழுங்கிவிடுகின்றன. அங்கிருந்து 200 வரை பெரும்பாலும் ஆக்சிஜன் பார்த்துக்கொள்கிறது. 242-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்கும் தெம்பு ஒளிக்கு இல்லை. நைட்ரஜன் ஏற்கெனவே ஒதுங்கிவிட்டது. 242-க்கும் 310-க்கும் இடையில் தடுக்க ஓசோனை விட்டால் ஆள் இல்லை. உயிரணுவின் மரபுப்பொருள் அடிவாங்குவதும் சரியாக இந்த இடத்தில்தான்.

எவ்வளவு வலுவாகத் தடுக்கிறது? 255 நானோமீட்டரில் மூன்று மில்லிமீட்டர் ஓசோன் விட்டுவைக்கும் பங்கை எழுத, தசமப் புள்ளிக்குப் பிறகு நாற்பது சைபர் போட வேண்டும். 300-இல் நூற்றுக்கு நான்கு பங்கு தப்புகிறது. 320-இல் முக்கால் பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. இருபது நானோமீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம். இந்தச் செங்குத்தான விளிம்பைத்தான் 1880-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஹார்ட்லி தம் ஆய்வகத்தில் அளந்தார். சூரிய நிறமாலை 293 நானோமீட்டர் பக்கம் திடீரென்று அறுந்துபோவதற்கு ஓசோன்தான் காரணம் என்று சொன்னார். மேலே ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்பதை 1913-இல் ஃபாப்ரியும் புயிசோனும் புற ஊதாவை வைத்து அளந்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் ஹாலி பே நிலையத்துப் பதிவுகளிலிருந்து ஓசோன் ஓட்டை வெளியே தெரிந்ததும் இதே முறையில்தான். டாப்சன் கருவி ஒன்றோடொன்று நெருங்கிய இரண்டு புற ஊதா அலைநீளங்களைப் பார்த்து, ஒன்று மற்றதைவிட எவ்வளவு மங்கியிருக்கிறது என்று ஒப்பிடுகிறது.

ஓட்டை விழுந்தால் கூடுவது புற ஊதா-பி, அதாவது 280-லிருந்து 315 நானோமீட்டர் வரையான பகுதி. அதுவே போதுமான ஆபத்து, காமா கதிரைச் சேர்த்துப் பயமுறுத்த அவசியமில்லை.

4 மே 2025, பின்னிரவு

எழுதி முடித்தபின் மனதில் ஓடிக்கொண்டே இருந்த ஒன்று. அந்த ஓசோன் எங்கிருந்து வந்தது? 242 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதா ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாக உடைக்கிறது. உடைந்த அணு முழு மூலக்கூறு ஒன்றோடு ஒட்டி ஓசோன் ஆகிறது. 1930-இல் சாப்மன் எழுதிய வேதியியல் இது. அதாவது ஆக்சிஜன் தனக்குரிய கதிரைத் தடுக்கும்போது உண்டாகும் பொருளே, அதனால் தடுக்க முடியாத கதிரையும் தடுத்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் இதை நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. புத்தகம் இதை ஒரே வரியில் தாண்டிப் போவது எனக்கு வருத்தம்.

9 மே 2025

"ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வைட்டமின் டி கிடைக்குமா?"

கண்ணாடி மூடியிருந்தால் கிடைக்காது. தோல் வைட்டமின் டி தயாரிக்க 300 நானோமீட்டரை ஒட்டிய கதிர் வேண்டும். ஓசோனைத் தாண்டி வரும் அந்தச் சொற்பத்தையும் சாதாரண ஜன்னல் கண்ணாடி நிறுத்திவிடும். ஆனால் 315-லிருந்து 400 வரையான புற ஊதா-ஏ வளிமண்டலத்தையும் பெருமளவு தாண்டும், கண்ணாடியையும் பெருமளவு தாண்டும். நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர்களின் வலது கை இடது கையைவிடக் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது புற ஊதா-ஏயின் வேலை.

வெயில் சாய்ந்த பிறகு நின்றால் நல்லதா என்றும் ஒருவர் கேட்டார். சூரியன் சாயச் சாய, கதிர் ஓசோனைக் கடக்கும் பாதை நீள்கிறது. 300-இல் நூற்றுக்கு நான்காக இருந்தது இன்னும் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். மாலை ஐந்தரை மணி வெயில் இதமாக இருக்கலாம், வைட்டமின் டிக்கு அது ஆகாது. உச்சி வெயிலில் சிறிது நேரமே போதும். அக்னி நட்சத்திரத்தில் அதையும் மொட்டைமாடியில் நீட்டிக்க வேண்டாம்.

18 மே 2025

ஹான்லேயில் தரையிலேயே காமா கதிர்த் தொலைநோக்கி வைத்திருக்கிறார்களே, அப்புறம் எப்படி "தரைக்கு வராது" என்கிறீர்கள் என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு இழை வந்து சேர்ந்திருக்கிறது.

லடாக்கில் ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேஸ் தொலைநோக்கிக்கு 21 மீட்டர் விட்டக் கண்ணாடி. 2024 அக்டோபரில் திறந்தார்கள். அது காமா கதிரைப் பார்ப்பதில்லை. காமா கதிர் மேல் வளிமண்டலத்தில் ஒரு அணுக்கருவின் அருகே எலக்ட்ரான், பாசிட்ரான் (நேர்மின் கொண்ட எலக்ட்ரான்) இணையாக மாறி அங்கேயே முடிந்துபோகிறது. அந்த இணை மேலும் காமா கதிர்களைப் பிறப்பிக்க, அவை மேலும் இணைகளாக மாற, ஒரு துகள் பொழிவு கீழே இறங்குகிறது. காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிட அந்தத் துகள்கள் வேகமாகப் போவதால் நீல நிறத்தில் ஒரு மின்னல் கிளம்பும். அதன் பெயர் செரன்கோவ் ஒளி. ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி என்பதால் வளிமண்டலம் அதைத் தடுப்பதில்லை. கண்ணாடி பிடிப்பது அதை. காமா கதிரைக் காற்று தடுப்பதால்தான் அந்தத் தொலைநோக்கி வேலை செய்கிறது. காற்று இல்லாத நிலாவில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பயன்படாது.

எக்ஸ் கதிருக்கு இந்த வசதி இல்லை. அதற்கு மேலே போயே ஆக வேண்டும். 1962 ஜூனில் வானியலாளர் ஜக்கோனியின் குழு ஒரு ஏரோபீ ராக்கெட்டில் கருவி வைத்து அனுப்பியது. காற்றுக்கு வெளியே கருவி இருந்தது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் விருச்சிகத்தில் ஒரு பிரகாசமான எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டார்கள். மனிதன் தோன்றிய நாளிலிருந்து தலைக்கு மேலே அது எரிந்துகொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியாது. பிறகு 1970 டிசம்பரில் கென்யாக் கடற்கரையிலிருந்து உஹுரு செயற்கைக்கோள் போனது. நம் ஊரில் ஹைதராபாத்திலிருந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ராட்சத பலூன்களில் எக்ஸ் கதிர்க் கருவிகளை அனுப்பியது. 40 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் மிச்சம் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிராம் காற்று. 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர் அங்கே ஒரு தடவை பாதியாவதோடு தப்பிவிடும். மென்மையான எக்ஸ் கதிர்களுக்கு அந்த மூன்று கிராமும் அதிகம். 2015-இல் போன இந்திய விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட்டுக்கு அந்தத் தடையும் இல்லை.

19 மே 2025

மின்னல் என்று எழுதியதை வைத்து "வெறும் கண்ணுக்குத் தெரியுமா" என்று கேட்டவருக்கு: தெரியாது. மிக மங்கல், மிகக் குறுகிய நேரம்.

22 ஜூன் 2025

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். 2,300 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கால்சியத்தின் கே கோடு எனப்படும் ஒற்றை அலைநீளத்தில் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு 393 நானோமீட்டர், ஊதாவின் கடைசி விளிம்பு. ஒரு மாணவி அங்கேயே கேட்டாள்: ஏன் கால்சியம், வேறு தனிமம் இல்லையா? இருக்கிறது. சூரியனின் நிறமண்டலத்தை, அதாவது நாம் பார்க்கும் ஒளிப்பரப்புக்கு மேலுள்ள அடுக்கை, பார்க்க மக்னீசியத்தின் கோடுகள் அருமையானவை. அவை 280 நானோமீட்டரில் இருக்கின்றன. நான்காம் தேதிக் குறிப்பில் சொன்ன விளிம்புக்கு அந்தப் பக்கம். கொடைக்கானல் மலை இன்னும் இரண்டு மடங்கு உயரமாக இருந்தாலும் ஓசோனின் பெரும்பகுதி அதற்கும் மேலேதான், 20, 25 கிலோமீட்டரில். எவரெஸ்டில் ஏறினாலும் அந்த மக்னீசியக் கோடு கிடைக்காது.

2023 செப்டம்பரில் கிளம்பிய ஆதித்யா-எல்1 கலத்தில் சூட் என்ற தொலைநோக்கி இருக்கிறது. அது பார்ப்பது 200 முதல் 400 நானோமீட்டர் வரை. அதாவது ஓசோன் நமக்குக் காட்டாமல் வைத்திருக்கும் பகுதி அனேகமாக முழுவதும் அதன் கண்ணுக்குக் கிடைக்கிறது. மக்னீசியத்தில் எடுத்த சூரியனின் முழுவட்டப் படத்தை முதல்முறை பார்த்தபோது கால்சியப் படத்தைப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தரையிலிருந்து எடுத்தது ஒன்று, பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எடுத்தது இன்னொன்று. அதே சூரியன், அதே நிறமண்டலம்.

13 ஜூலை 2025

வானொலி அலைகளைப் பற்றி இன்னும் எழுதவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டு ரேடியோவில் பகலில் மத்திய அலையில் பக்கத்து ஊர் நிலையங்கள் மட்டும் கேட்கும். இருட்டியதும் எங்கெங்கிருந்தோ நிலையங்கள் வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். இலங்கை வானொலியும் ராத்திரியில் இன்னும் கணீரென்று இருக்கும். அப்பா "ராத்திரியில் காற்று அமைதியாக இருக்கும்" என்பார். பல பேர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உண்மையான காரணம் இந்த இழையில் ஏற்கெனவே வந்துவிட்டது. சூரியனின் எக்ஸ் கதிரும் கடும் புற ஊதாவும் மேலே நிறுத்தப்படுகின்றன என்றேன் அல்லவா? நிறுத்தப்படும்போது அவை எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போடுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதிதான் அயனி மண்டலம். அதன் அடித்தட்டு 60 முதல் 90 கிலோமீட்டர் வரை. அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தி. மத்திய அலை வந்து எலக்ட்ரானை ஆட்டினால், அது பக்கத்து மூலக்கூறோடு மோதி வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும். அலை செத்துப்போகும். சூரியன் மறைந்ததும் அடித்தட்டு எலக்ட்ரான்கள் சீக்கிரமே அயனிகளோடு சேர்ந்துவிடுகின்றன. அலை இன்னும் மேலே ஏறி, அங்கே திரும்பிக் கீழே வருகிறது. மே மாதம் ஓசோனைப் பற்றி எழுதியதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு கதிரைத் தடுத்ததன் விளைவே இன்னொரு கதிருக்கு வாசலாகவோ சுவராகவோ ஆகிறது. வளிமண்டலத்தைப் பற்றி நான் பாடம் எடுப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே விண்ணிலிருந்து வரும் அலைகளையும் அதே மண்டலம் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு மேலே பெரிய ஜன்னல் திறக்கிறது. ஊட்டி முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் கட்டிய தொலைநோக்கி அந்த ஜன்னலில்தான் பார்க்கிறது, 326.5 மெகாஹெர்ட்ஸில். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இலிருந்து வேலை செய்கிறது. ஊட்டி ஏறக்குறைய 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. அதே 11 பாகை சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து அதன்மேல் படுக்க வைத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு வானொலி மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்கலாம். நான் போன அன்று நீலகிரி முழுக்க மூட்டம், கை நீட்டினால் கை தெரியவில்லை. உள்ளே பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 92 சென்டிமீட்டர் அலைக்கு மூடுபனி ஒரு தடையே இல்லை.

20 ஜூலை 2025

"மூடுபனி தடையில்லை என்றால் மழை வந்ததும் டிடிஎச் ஏன் நின்றுபோகிறது?"

அலைநீளம் வேறு. டிடிஎச் வருவது 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அலை இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளி சில மில்லிமீட்டர். துளிகள் அந்த அலையை விழுங்கவும் செய்யும், சிதறவும் அடிக்கும். நீராவி அந்த அதிர்வெண்ணில் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதன் சொந்தக் கோடு 22 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் வீட்டில் தூறல்கூட இல்லாமல் படம் போனால், டிஷ் பார்க்கும் திசையில் கொஞ்ச தூரத்தில் நல்ல மழை என்று அர்த்தம். கேபிள்காரர் மாடியில் இருந்த அந்தப் பெரிய குடைக்கு மழை அவ்வளவாகத் தொந்தரவு தராததற்கும் இதுவே காரணம். அது 4 கிகாஹெர்ட்ஸ்.

ஆக்சிஜனுக்கும் இங்கே பங்கு உண்டு. 60 கிகாஹெர்ட்ஸில் அது பலமாக உறிஞ்சும், தரையில் அந்த அலை ரொம்ப தூரம் போகாது. செயற்கைக்கோள்கள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்ள இந்த அதிர்வெண் தோது. கீழே இருப்பவர் ஒட்டுக்கேட்க முடியாது.

மைக்ரோவேவ் அடுப்பு தண்ணீர் மூலக்கூறின் இயற்கை அதிர்வெண்ணில் இயங்குகிறது என்று இடையில் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ். திரவத் தண்ணீர் அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண்ணில்தான் அதிகம் உறிஞ்சும். 2.45-இல் மிதமாக உறிஞ்சுவதால்தான் அலை உணவுக்குள் இறங்க முடிகிறது.

28 டிசம்பர் 2025

தலைகுந்தாவில் உறைபனி என்று செய்தியில் படம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் வரும் படம். அகச்சிவப்பைப் பற்றி எழுத இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் அகச்சிவப்பாக மேலே அனுப்புகிறது, பெரும்பாலும் 5-லிருந்து 50 மைக்ரோமீட்டருக்குள். காற்றில் 99 சதவீதம் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதை அனேகமாகத் தொடுவதில்லை. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு எப்படி அதிர்ந்தாலும் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என்று பிரிவதில்லை. அப்படிப் பிரிந்தால்தான் அகச்சிவப்பு அதைப் பிடித்து ஆட்ட முடியும். நீராவி, கரியமில வாயு, ஓசோன் மூன்றும் அப்படி ஆடும். நீராவி 6 மைக்ரோமீட்டரை ஒட்டியும் 20-க்கு மேலும், கரியமில வாயு 15-ஐ ஒட்டியும் அடைத்துவிடுகின்றன. 8-லிருந்து 13 வரை ஒரு திறப்பு மிச்சம், அதற்குள் 9.6-இல் ஓசோனின் சின்னத் தடுப்பு. வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருக்கும் இரவில் ஊட்டிப் புல்வெளியின் வெப்பம் அந்தத் திறப்பு வழியே தப்பிப் போகிறது. புல்லின் நுனி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து உறைகிறது. மேகம் இருந்தால் உறைபனி விழாது என்பது அங்கே தேயிலை, காய்கறி போடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேகத் துளிகள் அந்தத் திறப்பையும் மூடிவிடுகின்றன. சென்னையில் மே மாத இரவு வேகுவதற்கும் காற்றில் நிற்கும் நீராவிக்குப் பெரிய பங்கு உண்டு.

கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம், அது என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: தரை அழுத்தத்தில் பரப்பினால் அது மூன்று மீட்டருக்கு மேல் வரும். மூன்று மில்லிமீட்டர் ஓசோன் 255 நானோமீட்டரில் செய்வதை மே மாதம் பார்த்தோம். 1856-இல் யூனிஸ் ஃபுட் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, கரியமில வாயு அதிகம் சூடாவதைக் கண்டார். 1859-இல் டிண்டல் ஒவ்வொரு வாயுவும் வெப்பக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கத் தொடங்கினார். சதவீதத்தைப் பார்த்து இதைச் சந்தேகப்படத் தேவையில்லை.

4 ஜனவரி 2026

"கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காற்று தடுப்பதே இல்லையா?"

தடுக்கிறது, கொஞ்சமாக. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சின்ன நிறமாலைக்காட்டி வேண்டும், மெல்லிய பிளவும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நல்ல கீற்றணியும் உள்ளது. சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கருவி வழியாகவும் கூடாது. சூரியனை ஒட்டிய வெளிச்சமான வானத்தையோ வெயில் விழும் வெள்ளைச் சுவரையோ நோக்கிப் பிடியுங்கள். சிவப்பில் இரண்டு கரும் கோடுகள் கிடைக்கும். 656 நானோமீட்டரில் இருப்பதற்கு ஃபிரான்ஹோஃபர் சி என்று பெயர் வைத்தார். அது சூரியனில் உள்ள ஹைட்ரஜன். 687-இல் இருப்பது பி, அது நம் காற்றில் உள்ள ஆக்சிஜன். அவர் பெயர் வைத்த 1814-இல் ஒன்று அங்கே உண்டாவது, இன்னொன்று இங்கே உண்டாவது என்று யாருக்கும் தெரியாது. சூரியன் சாயும்போது சில கோடுகள் தடிக்கின்றன என்பதை 1830-களில் புரூஸ்டர் கவனித்த பிறகுதான் துப்பு கிடைத்தது.

மதியம் ஒரு தடவை பாருங்கள், சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். சி அப்படியே இருக்கும். பி கறுத்துத் தடித்திருக்கும், ஏனென்றால் ஒளி கடந்து வரும் ஆக்சிஜன் பல மடங்கு கூடிவிட்டது. பி தெரியவில்லை என்றால் பிளவு அகலமாக இருக்கிறது, இரண்டு சவர பிளேடுகளை நெருக்கி ஒட்டிப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.